ரவூப் பாய் சொன்ன ‘பை, பை’

தோல் பையை ஊசியும் நூலும் தைப்பதாக உலகம் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. அதைத் தைப்பது நாக்கு! இந்த மகத்தான உண்மையைத் தாராவிக்குக் கொண்டுசேர்த்தவன் அடியேன்: செம்பூர் பிரம்மநாயகம், ‘இணையவழித் தோற்றப்பொலிவு ஆலோசகன்’.

பை தைத்து விற்கும் அப்துல் ரவூப் பாய்க்கு வியாபாரம் படுத்துக் கிடந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போதும் விற்காவிட்டால் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

“பாய், உங்க பையை யாருக்குத் தெரியும்?” என்று கேட்டேன்.

“இந்த கல்லிக்கே, சந்து பூராவுக்கும் தெரியும் அண்ணாச்சி.”

“கூகுளுக்குத் தெரியுமா?”

பாய் தலைகுனிந்தார்.

மறுநாளே நிர்வாகக் கூட்டம் கூடியது. இடம்: தண்ணீர் டிரம்முக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே. ஒலியும் காட்சியுமாக வாரந்தோறும் போட்காஸ்ட் வெளியிடுவதென்ற தீர்மானம் ‘ஏகமனதாக’ நிறைவேறியது. பாயின் மனைவி சைனப் மட்டும் எதிர்த்தார்.

“மைக் முன்னால இவங்க என்னத்தப் பேசுவாங்க?”

“கஸ்டமரை இழுப்பது எப்படின்னு பேசுவார்.”

“மொதல்ல இழுத்துட்டுப் பேசச் சொல்லுங்க.”

தொலைநோக்கற்ற கருத்து. கூட்ட நடவடிக்கையில் ஏற்றவில்லை.

சத்தம் ஒலிப்பதிவைக் கெடுத்ததால் மிஷின் நின்றது. பின்னணி ‘சுத்தமாக’ இருக்க வேண்டுமென்பதால் தொங்கிய பைகளெல்லாம் பரணுக்குப் போயின. பாயும் பிரமாதமாகத் தேறினார். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் “பை, பை!” என்பார். விடைபெற்ற மாதிரியும் ஆயிற்று, விளம்பரமும் ஆயிற்று.

நான்காம் பகுதியின் தலைப்பு, ‘வாடிக்கையாளரை வரவேற்கும் கலை’. பாய் உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். மான்குர்த்தில் டியூஷன் நடத்தும் இசக்கிசெல்வி.

“பாய், ஸ்கூல் பை இருக்கா? பிள்ளைகளுக்கு மொத்தமா நூறு வேணும்.”

“உஷ்!” என்றோம் நானும் பாயும்.

“ரேட்ட மட்டும் சொல்லுங்க, போயிருதேன்.”

“ரெக்கார்டிங் சாலூ ஹை, ஓடுது!” என்று பாய் கையை வீசி விரட்டினார்.

அந்த அம்மாள் அடுத்த கல்லியில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நல்லவேளையாக அவருடைய குரலை ‘தேவையற்ற இரைச்சல்’ என்று மென்பொருளே நீக்கிவிட்டது.

அந்தப் பகுதி அபார வெற்றி! பத்துப் பேர் தொடர்புகொண்டார்கள். ஒன்பது பேர் போட்காஸ்ட் நடத்துகிறவர்கள். பாயைத் தங்களிடம் வந்து பேசச் சொன்னார்கள். பத்தாமவர் மைக் விற்பவர்.

தண்ணீர் பிடிக்கப் போயிருந்த சைனப்புக்குக் குழாயடியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. குடத்தோடு உள்ளே வந்தார்.

“நூறு பையா?”

“ரெக்கார்டிங்ல இருந்தேன் சைனப்...” என்றார் பாய். போட்காஸ்ட் தொடங்கிய பிறகு மைக் இல்லாமல் அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

சைனப் குடத்தை இறக்கி வைத்தார். இருந்த ஒரே பிளக் பாயிண்டிலிருந்து மைக்கைப் பிடுங்கினார், மிஷினைச் செருகினார். பாய் போய் மிஷின் முன் உட்கார்ந்தார். பரணிலிருந்த பைகள் இறங்கி வாசலில் தொங்கின.

இதற்கெல்லாம் துவண்டுவிடுபவனா ஆலோசகன்? வாசல் நடுவில் நின்றுகொண்டு, கடையை உலகத்தின் கண்ணுக்குக் காட்டும் அடுத்த கட்டத் திட்டத்தை விளக்கினேன். என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் இடப்பக்கமும் வலப்பக்கமுமாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சைனப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அண்ணாச்சி, கொஞ்சம் அந்தால தள்ளி நில்லுங்க. கடை தெரிய மாட்டேங்கு.”