கேஸ் ஷீட்டில் ஏறிய வயிறு

செவிலியர் கல்லூரி மாணவி என்றொரு இனம் உண்டு. வெள்ளைச் சீருடை, இறுக்கிப் போட்ட கொண்டை, சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா, பேனாக்களுக்குப் பின்னால் பாதி தீர்ந்த அல்சர் மாத்திரை அட்டை. சீருடையை வைத்து அடையாளம் காணாதீர்கள், அதைப் பலரும் போடுகிறார்கள். அட்டையைப் பாருங்கள்.

ஊரார் வயிறெல்லாம் இவளுக்குச் சொந்தம். காலை ஏழரைக்குப் பிரசவ வார்டுக்குள் நுழைந்தால் கட்டில் கட்டிலாகப் போய், முன்பின் தெரியாத பெண்களிடம், என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், மோஷன் போனீர்களா, எப்போது போனீர்கள், இறுக்கமாகவா இளக்கமாகவா, நெஞ்சு எரிகிறதா என்று துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொள்வாள். யாராவது நெளிந்தால் விடமாட்டாள்.

"வெக்கப்படாம சொல்லுங்கக்கா. மறைச்சா யாருக்கு நஷ்டம்?"

நல்ல கேள்வி. தன் வயிற்றிடம் மட்டும் அதைக் கேட்கமாட்டாள். அதற்குக் காலையில் ஒரு டீ, பதினோரு மணிக்கு லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது இரண்டு பிஸ்கட், மதியச் சாப்பாடு மூன்றரைக்கு, அதுவும் நின்றபடி. பரீட்சை வாரம் வந்துவிட்டால் விடுதியில் பாதிப் பேர் கழிவறையை விட்டு வெளியே வருவதில்லை. மீதிப் பேர் உள்ளே போயும் பயனில்லை. வாசலில் வரிசை மட்டும் குறைவதே இல்லை.

வீட்டிலிருந்து அம்மா கூப்பிடுவாள்.

"சாப்டியா?"

"மெஸ்ல போட்டாங்கம்மா."

போட்டது உண்மைதான். தின்றதாக அவள் எங்கே சொன்னாள்? அறைத்தோழி, "இன்னைக்கும் போகலையா? டாக்டரப் பாரேன்டி" என்றால், "எனக்கு ஒண்ணுமில்லடி, பரீட்சை முடிஞ்சா சரியாயிடும்" என்பாள். முதலாம் ஆண்டுப் பரீட்சை முடிந்தது. இரண்டாம் ஆண்டுப் பரீட்சையும் முடிந்தது. இந்த ஒன்றுமில்லைக்கு இப்போது மூன்று வயது.

என் அக்கா மகள் இந்த இனத்தில் அசல் சரக்கு. அவளுக்கு இறுதிச் செய்முறைத் தேர்வு. கோட்டை விட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போவதை விடுதி ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். நான்காம் கட்டிலில் முந்தின நாள் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணை அவளுக்கு ஒதுக்கினார்கள். விசாரித்து, கேஸ் ஷீட் எழுதி, ஆலோசனை சொல்ல வேண்டும். இவள் கேள்விகளைக் கேட்டாள். பதில் வருவதற்குள் குழந்தை வீறிட்டது, தாய் அந்தப் பக்கம் திரும்பினாள். கண் கடிகாரத்தில் இருக்க, பேனா பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டு வாசித்தார்.

"உணவு, டீ, ரெண்டு பிஸ்கட். மலம் கழிச்சு மூணு நாள். நெஞ்செரிச்சல் உண்டு. தூக்கம் நாலு மணி நேரம். காரணம், பரீட்சை." கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு என்னம்மா பரீட்சை?"

"எனக்கா? நான் காலைல நல்லா சாப்ட்டு, போயிட்டும் வந்துட்டேனே."

அக்கா மகள் எட்டி ஷீட்டைப் பார்த்தாள். ஆறு மாதம் போச்சு என்று தோன்றியதாம்.

"சரி. இப்படி ஒரு பேஷன்ட் வந்தா என்ன சொல்லுவே?"

ஒப்பித்தாள். நேரத்துக்குச் சாப்பிடணும், தண்ணி குடிக்கணும், அடக்கி வைக்கக் கூடாது, மூணு நாள் தாண்டினா டாக்டரப் பாக்கணும், ஒண்ணுமில்லன்னு மறைக்கக் கூடாது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. பாதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அவள் சொல்லிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

அம்மாள் ஷீட்டை அவளிடமே நீட்டினார். "இருபது நிமிஷம் இருக்கு. இவங்களக் கேட்டு வேற ஷீட் எழுது. இதுல தப்பு ஒண்ணே ஒண்ணுதான், மேல இருக்கிற பேரு. அதத் திருத்திக்கிட்டு நேரா ஓ.பி.க்குப் போ."

வேறு ஷீட் எழுதினாள். தேறியும்விட்டாள். கையெழுத்துப் போட்ட கையோடு அம்மாள் கைப்பையைத் திறந்து, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கித் தண்ணீரில்லாமல் விழுங்கினார். அதே அல்சர் மாத்திரை அட்டை. நான்காம் கட்டில்காரி பார்ப்பதைக் கண்டதும் அம்மாளே சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. இன்னும் பதினாறு பேர முடிச்சுட்டா சரியாயிடும்."

பழைய ஷீட் இன்னும் அக்கா மகளின் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஓ.பி.க்கு நாளைக்குப் போகிறாளாம்.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு படித்தீர்களே, நீங்கள் காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? நெஞ்சு எரிகிறதா? கடைசியாக எப்போது போனீர்கள்? ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தால், அந்த ஷீட்டை வாங்கி உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். மேலே பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் சரியாகவே இருக்கும்.