பன்னிரண்டாயிரம் கழுத்துப்பட்டைகளும் ஒரே ஒரு கழுத்தும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கு என் வலது முழங்காலைத் தவிர மற்ற அனைவரும் நலம். அங்கு தங்கையும் குழந்தைகளும் முழு நலத்தோடு இருப்பார்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே தங்கை உங்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கி, "ஏண்ணே, இந்த வயசுலயும் நாய்க்குப் பயமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். இது வியாபார சம்பந்தமான விஷயம். குறுக்கே யாரும் சிரிக்காமல் முதலிலிருந்து கடைசிவரை சொல்லியாக வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்து வீட்டு அம்மாளின் கம்பெனி கேட்டிருக்கும் பன்னிரண்டாயிரம் நாய்க் கழுத்துப்பட்டைகளை நம் பட்டறையில் செய்ய இயலாது. அதை அவர் மனம் கோணாதபடி நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். காரணங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். படித்து முடித்ததும் "மச்சான் சொல்றது நியாயம்தான்" என்று நீங்களே சொல்வீர்கள்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு பள்ளிக்கூடப் பை வியாபாரம் படுத்துவிட்டு, நான் பட்டறையை இழுத்து மூடும் யோசனையில் இருந்தபோதுதான் அந்த அம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "நீங்க இந்தியர்தானே, நல்லா தோல் தைக்கிறவங்க யாராவது தெரியுமா?" என்று உங்களைக் கேட்டாராம். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும் நீங்கள் கோபித்துக்கொள்ளாமல், "என் மனைவியோட அண்ணன் இருக்கார்" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் இன்றுவரை முப்பத்தொரு பெண்களின் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதை நான் மறக்கவில்லை. அமெரிக்காவில் நாய்க்குத் தனி டாக்டர், தனி இன்சூரன்ஸ், பிறந்தநாளுக்குக் கேக் என்றெல்லாம் நீங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர்கள் நாயை வளர்க்கட்டும், நாம் பட்டையைத் தைப்போம், நடுவில் ஒரு கடல் இருக்கட்டும் என்பதுதான் என் வெளியுறவுக் கொள்கை. ஒன்பது வயதில் என்னைக் கடித்த நாயைப் பற்றித் தங்கை உங்களிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பாள். கடி வாங்கியவன் நான் என்பதால் எனக்கு அது வேறு கதை.

இந்தக் கொள்கை கெட்டதற்குக் காரணம் ஒரு படிவம். பெரிய ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் நிரப்பி அனுப்பச் சொல்லி அந்தக் கம்பெனி அனுப்பியது, நூற்றுப் பதினான்கு கேள்விகள். எண்பத்தேழாவது கேள்வி, "உங்கள் பொருள்களை விலங்குகளின் மேல் சோதித்துப் பார்க்கிறீர்களா?" என்பது. என் மனைவி ஏதோ பத்திரிகையில் படித்திருக்கிறாள், முகத்துக்குப் பூசும் கிரீமை முயலுக்குப் பூசிப் பார்த்தால் அமெரிக்கர்களுக்குப் பொல்லாத கோபம் வருமாம். "இல்லைன்னு போடுங்க. நல்லா அழுத்திப் போடுங்க" என்றாள். நானும் அழுத்தியே போட்டேன். "ஒருபோதும் இல்லை. எங்கள் பட்டறைக்குள் இதுவரை ஒரு விலங்கும் காலடி வைத்ததில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று எழுதி, அடியில் முத்திரையும் வைத்தேன். ஒன்பதாம் நாள் காலையில் அந்தக் கம்பெனியிலிருந்து ஓர் அமெரிக்கர் வந்து இறங்கினார்.

அறுபது வயதிருக்கும். நம் பட்டறை வாசலில் குனிந்துதான் நுழைய முடிகிற உயரம். கழுத்தில் ஓர் இஞ்ச் டேப் தொங்கியது, அதைத் தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று தெரியவில்லை. நம் பெண்கள் அரைமணி நேரத்தில் அவருக்கு 'டேப்புக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் ஆங்கிலத்தில் பேசியதை என் காதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன். வந்தவுடனே, "உங்க மீடியம் சைசுக்கு எந்த நாயை அளவெடுத்தீங்க?" என்று கேட்டார். எனக்குப் பொய் வராது. என் கெண்டைக்காலைக் காட்டினேன். "அப்ப ஸ்மால்?" என்றார். பதினேழு வருடமாகத் தையலுக்குத் தலைமை பார்க்கும் மேஸ்திரியம்மா தன் முன்கையை நீட்டினார். "லார்ஜ்?" என்றார். தொடையைத் தட்டிக் காட்டினேன். அவர் டேப்பை எடுத்து என் தொடையைப் பேண்டோடு சேர்த்து அளந்தார். இருபத்தொன்றே கால். நோட்டில் குறித்துக்கொண்டு, "அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா இது குரைக்காதே" என்றார்.

பிறகு எல்லோரையும் பார்த்து, யார் வீட்டில் நாய் இருக்கிறது என்று கேட்டார். முப்பத்தொரு பேரில் ஒருவர் கையும் உயரவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண் மட்டும் மெதுவாக, "இதெல்லாம் நாய்க்கா? நான் அஞ்சு வருஷமா குழந்தைங்க இடுப்பு பெல்ட்டுன்னுல்ல நினைச்சேன்" என்றாள். மேஸ்திரியம்மாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இடுப்பு பெல்ட்டுல பேர்த்தகடு மாட்ட எதுக்குடி வளையம்?" என்றார். "குழந்தை தொலைஞ்சு போனா கண்டுபிடிக்கத்தான்!" என்றாள் அவள். என்ன பேசுகிறார்கள் என்று டேப்புக்காரர் கேட்டார், சொன்னேன். மனிதர் சிரிக்கவில்லை. "இதையும் எங்க ஊர்ல விக்கலாம் போலிருக்கே" என்று அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

எட்டு நாய்கள், மூன்று நாட்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் நம் பட்டை. இதுதான் அவர் வைத்த சோதனை. நான்கு வீட்டு நாய்களை அக்கம்பக்கத்தில் கெஞ்சி வாங்கினோம். மீதி நான்கும் தெருவில் கிடைத்தன. அவற்றுக்கு மேஸ்திரியம்மாவே பட்டை மாட்டினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று மேற்பார்வை செய்தேன். இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் டேப்புக்காரர், "பட்டையில மாட்டிப் பிடிக்கிற வார் எப்படி இழுக்குதுன்னு முதலாளிக்குத் தெரிய வேண்டாமா?" என்று சொல்லி, டயர் கடைக்காரரின் நாயை என் கையில் பிடித்துக் கொடுத்தார். அது கன்றுக்குட்டி உயரம். இரண்டு நிமிடம் சாதுவாக நின்றது, பிறகு எதிர்ச்சாரியில் ஒரு பூனையைப் பார்த்துவிட்டது. வாரை விட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நாம் தைத்த கைப்பிடி மணிக்கட்டில் எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்பதை அன்றுதான் அனுபவத்தில் அறிந்தேன். தெருவைக் கடந்து, படியேறி, போட்டோ ஸ்டுடியோவுக்குள் பூனையும் நாயும் நானும் அந்த வரிசையில் நுழைந்தோம். உள்ளே ஒரு குடும்பம் அமெரிக்க விசாவுக்காக விறைத்து உட்கார்ந்திருந்தது. "ரெண்டு காதும் தெரியணும், அசையாதீங்க" என்று ஸ்டுடியோக்காரர் சொல்லி வாய் மூடவில்லை, பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அந்தப் படத்தில் நான்கு பேர், ஒரு நாய், என் கால்கள். நாய்க்குத்தான் இரண்டு காதும் தெளிவாகத் தெரிகின்றன. குடும்பத் தலைவர் பதறிப்போய், "சார், இந்த நாயும் எங்ககூட வருதுன்னு விசா ஆபீஸ்ல நினைச்சுட்டா?" என்று கேட்டார். பின்னாலேயே ஓடிவந்த டேப்புக்காரரிடம் இதைச் சொன்னபோது, "அப்படி நினைச்சா விசா சீக்கிரமே கிடைச்சிரும்" என்றார். தரையில் கிடந்த என் பக்கம் வந்து, முதலில் பட்டையைப் பார்த்தார், பிறகு கொக்கியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "ஒண்ணுமே ஆகலையே!" என்று முகம் மலர்ந்து சொன்னார். பட்டையைச் சொல்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. முழங்கால் சமாச்சாரம் இதுதான்.

மூன்றாம் நாள் எட்டுப் பட்டைகளையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒன்றும் அறுந்துபோகவில்லை. ஆனால் வளையத்துக்குப் பக்கத்தில் இரண்டு தையல் போதாது, அந்த இடம் முடியை உரசுகிறது என்றார். நான் மொழிபெயர்த்ததும் மேஸ்திரியம்மா எழுந்து நின்றுவிட்டார். "ரெண்டு தையல்னு எழுதிக் கொடுத்ததே அவங்க கம்பெனிதான்னு சொல்லுங்க. என்கிட்ட விட்டிருந்தா நாலு போட்டிருப்பேன்." சொன்னேன். டேப்புக்காரர் தன் பையைத் திறந்து ஒரு பழைய சிவப்புப் பட்டையை எடுத்து வைத்தார். நம் முதல் ஆர்டரில் போனது. அவருடைய நாய் நாலரை வருடம் அதைப் போட்டிருந்ததாம், போன குளிர்காலத்தில் இறந்துவிட்டதாம். "நாய் போயிடுச்சு, இது போகல. இதைச் செஞ்சவங்க யாருன்னு பார்க்கணும்னுதான் இந்த வேலையை நானே கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றார். நான் இதைச் சொல்லி முடிக்கும் வரை மேஸ்திரியம்மா பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரங்கலாக நாலு வார்த்தை பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "இது என் கைத்தையல்தான். ஆனா இங்க ஒரு தையல் தப்பியிருக்கு. குடுக்கச் சொல்லுங்க, சரி பண்ணித் தர்றேன்" என்றார். டேப்புக்காரர் பட்டையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே இருக்கட்டும் என்றார். மேஸ்திரியம்மாவும் மறு முனையை விடவில்லை. "தப்புத் தையலோட என் கையை விட்டு எதுவும் வெளிய போகக் கூடாது" என்றார். இதை மொழிபெயர்க்க நான் வாயெடுப்பதற்குள் டேப்புக்காரர் புரிந்துகொண்டதுபோல் கையை எடுத்துவிட்டார். மேஸ்திரியம்மா ஊசியால் அந்த ஒரு தையலைப் பிரித்தார். தோல் இரண்டுக்கும் நடுவில் வெளிர்நிற முடி நாலைந்து சிக்கியிருந்தது. ஊதித் தள்ளுவார் என்று நினைத்தேன். ஊசி முனையால் அதை உள்ளேயே ஒதுக்கிவைத்து, மேலே நான்கு தையல் போட்டு மூடி, நூலைப் பல்லால் கடித்துக் கொடுத்தார். டேப்புக்காரர் வாங்கிக்கொண்டு, தண்ணீர்க் குழாய் இருக்கும் பக்கமாகப் போய்க் கொஞ்ச நேரம் நின்றிருந்தார். அங்கே அளக்க ஒன்றும் இல்லை.

சோதனையில் தேறிவிட்டோம். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நிபந்தனை எழுதிவைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு புது ரகத்திலும் முதல் பட்டையை ஒரு வாரம் போட்டுப் பார்க்கப் பட்டறையில் நிரந்தரமாக ஒரு நாய் இருக்க வேண்டும். சம்மதம் என்றால் கையெழுத்திட்டு அனுப்பலாம், இல்லையென்றால் வேறு பட்டறையைப் பார்த்துக்கொள்வார்கள். ஆளைத் தேடும் சிரமமும் எனக்கு வைக்கப்படவில்லை. சோதனைக்கு வந்த தெரு நாய்களில் ஐந்தாம் நம்பர், ஒரு காது மடங்கிய செம்மண் நிற நாய், பட்டையைக் கழற்றிய பிறகும் போக மறுத்து மாடிப்படிக்கு அடியிலேயே படுத்துவிட்டது. நான்கு நாட்களாக நான் மாடியில் சரக்கு அறையில் இருக்கிறேன். காலையில் பின்பக்க இரும்புப் படி வழியாக வருகிறேன், மாலையில் அதே வழியாகப் போகிறேன். டீ மேலே வருகிறது, கையெழுத்துப் போட்ட காகிதங்கள் கீழே போகின்றன. இது ஒரு முதலாளிக்கு அழகா? நேற்று மேஸ்திரியம்மா படியில் நின்று, "நீங்க வேணா வீட்லயே இருங்க முதலாளி, நாயும் நாங்களும் பார்த்துக்கறோம்" என்றார். எந்த வரிசையில் சொன்னார் என்பதைக் கவனிக்கவும்.

ஆகவே தீர யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பைக்கே திரும்பிவிடுகிறோம். பிள்ளைகள் இருக்கும்வரை பைகளும் இருக்கும், பெண்களுக்கு எப்படியாவது வேலை கொடுத்துவிடுவேன். அந்த அம்மாளிடம், என் மைத்துனருக்கு உடல்நிலை இடம் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை, முழங்கால் இருக்கிறது.

பெரியவனுக்கும் சின்னவளுக்கும் மாமாவின் ஆசிகள், இருவரும் நீண்ட ஆயுளோடும் நல்ல படிப்போடும் விளங்கட்டும். தங்கைக்கு என் அன்பு, அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம். உங்களுக்கு எல்லா நலமும் பெருகட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் அந்த அம்மாளிடம் சொல்லிவிடாதீர்கள். கடிதத்தைத் தபாலில் சேர்க்கலாமென்று கிளம்பினால், பின்பக்க இரும்புப் படிக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். யார் சொல்லி அடித்தது என்று கேட்டேன், முப்பத்தொரு பேரும் தையலில் மும்முரமாகிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் உள்படி வழியாக இறங்கினேன். கீழே வந்த பிறகுதான் மேஸ்திரியம்மா சாவகாசமாகச் சொல்கிறார், முந்தாநாள் மேலே வந்த காகிதங்களில் அந்தச் சம்மதப் பத்திரமும் இருந்ததாம், நான் கையெழுத்துப் போட்டுவிட்டேனாம், அது போய்ச் சேர்ந்து பதிலும் வந்துவிட்டதாம். நானூறு பட்டைக்குத் தோல் வெட்டியாகிவிட்டது. போகட்டும், அது நடந்தது நடந்ததுதான். இப்போது எனக்கு அவசரமாகத் தெரிய வேண்டியது வேறு. ஒரு நாய் ஒருவருடைய செருப்பின் மேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால் அதற்கு என்ன அர்த்தம், அவர் எவ்வளவு நேரம் அசையாமல் நிற்க வேண்டும் என்று அந்த அம்மாளிடம் கேட்டு உடனே எழுதுங்கள். இல்லை, போனே செய்யுங்கள், தங்கை எடுத்தாலும் பரவாயில்லை. இந்த வரிகளைக் காகிதத்தைச் சுவரில் வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். அரைமணி நேரம் ஆகிறது. கால் மரத்துவிட்டது. எடுத்தால் முழித்துக்கொள்ளும்.