மார்த்தா கேட்ட கேள்விகள்

ஒருவருக்கு மொழி சொல்லிக்கொடுப்பதில் உள்ள பெரிய ஆபத்து, அவர் அதை உண்மையிலேயே கற்றுக்கொண்டுவிடுவதுதான்.

செங்கம் சாலையில் வெளிநாட்டவருக்குத் தமிழ் கற்பிப்பது என் தொழில். இது நடந்த சமயம், ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சியை அப்போதுதான் முடித்திருந்தேன். புத்தகத்தை மூடிவை, மாணவருக்கு எது தேவையோ அதிலிருந்து ஆரம்பி என்பது அதன் சாரம். (தலைகால் புரியாத மிதப்பில் இருந்தேன்.)

இத்தாலியிலிருந்து வந்த மார்த்தாவிடம் என்ன பேச ஆசை என்று கேட்டேன். கிரிவலப் பாதையிலும் ஆட்டோவிலும் பூக்கடையிலும் எல்லாரும் தன்னைக் கேட்பதையெல்லாம் திருப்பிக் கேட்க வேண்டும் என்றாள். அதுவே பாடமானது. கல்யாணம் ஆச்சா? சம்பளம் எவ்ளோ? சீக்கிரமே பூக்காரம்மாவையே திணறடித்தாள்.

பாடம் நிஜ வாழ்க்கையில் நடக்க வேண்டும் என்றும் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, கீழ்பென்னாத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். இதைவிட நிஜ வாழ்க்கை ஏது? மார்த்தாவுக்குப் புடவை கட்டிக் கூடத்தில் உட்காரவைத்தேன்.

"வெளாட ஒரு நேரங்காலம் இல்லையாடி? எத்தினி எடம் தட்டிப்போச்சு, இதாவது அமையணும்" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

"சும்மா உக்காந்திருப்பாம்மா" என்றேன்.

கேசரி வந்தது. பெரியவர்கள் மழையையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் விலையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மார்த்தா மாப்பிள்ளையைப் பார்த்துக் கணீரென்று கேட்டாள்: "ஏன் இன்னும் கல்யாணம் ஆவல? உங்ககிட்ட ஏதாவது குறையா?"

உச்சரிப்பு அப்பழுக்கில்லாமல் இருந்தது. (அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமைதான்.)

"சம்பளம் எவ்ளோங்க?"

"கை நெறைய வாங்கறான்" என்று அவர் அம்மா முந்திக்கொண்டார்.

மாப்பிள்ளை கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "இல்லம்மா, சொல்லிடறேன். கம்பெனில ஆள் கொறைச்சப்ப என்னையும் நிறுத்திட்டாங்க. இப்ப வேலை தேடிட்டிருக்கேங்க."

வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். அம்மா அழுதாள். மார்த்தா மட்டும், "நல்லா பேசினேனா டீச்சர்?" என்றாள். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. ஆனால் பெண் பார்க்க வந்த அத்தனை பேரில் உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரை எனக்குப் பிடித்துவிட்டது. மறுநாள் நானே போன் போட்டேன்.

பிறகு அவருக்கு வேலையும் கிடைத்தது, எங்களுக்குக் கல்யாணமும் ஆனது. இன்றும் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், அன்று பல்லைக் கடித்த அம்மாதான் முதலில் வாய் திறக்கிறாள்: "ஜாதகத்த அப்புறம் பாக்கலாம். மொதல்ல இத்தாலிக்கு ஒரு வீடியோ கால் போடுடி."