மாவீரர் கிரேடனும் ரோலந்தின் கடைவாய்ப் பல்லும்

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்புகள் மூன்று: நெருப்பு, சக்கரம், குண்டுச் சக்கர சைக்கிள். முதல் இரண்டும் மனிதனின் கஷ்டத்தைக் குறைத்தன. மூன்றாவதுதான், கஷ்டமே கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த வசதியான மக்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. டெர்ன் முனை நகராட்சியின் ஒரே எழுத்தர் என்ற முறையில் இதை நான் முழுப் பொறுப்போடு சொல்கிறேன்.

எங்கள் அலாஸ்காக் கரையில் கடல் நன்றாக உறைந்ததும் இந்தச் சைக்கிள்காரர்கள் வந்துவிடுவார்கள். டயர் ஒவ்வொன்றும் சீல் குட்டி பருமன் இருக்கும். கரையோரப் பனியில் ஊர் ஊராக மிதித்துக்கொண்டு போவார்கள். "எங்கப்பா போறே?" என்று கேட்டால், "என்னையே தேடிப் போறேன்" என்பார்கள். போன வருஷம் ஒருவர் அப்படித் தன்னைத் தேடிப் போனார். அப்புறம் ஊரே கூடி இரண்டு நாள் அவரைத் தேடினோம்.

இந்த மார்ச்சில் வந்தவர் கிரேடன், கொலராடோக்காரர். தாடியில் பனிக்கட்டி தொங்க, நகராட்சி மண்டபத்துக்குள் தள்ளாடிக்கொண்டு வந்தார். உள்ளே அடுப்போரம் எங்கள் ரோலந்து உட்கார்ந்திருந்தான். கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து, வலது கன்னம் பன் ரொட்டி மாதிரி உப்பி, தலையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான். வாயைத் திறக்க முடியாது, பேச்சு அறவே நின்றுபோயிற்று. பல் டாக்டர் இருப்பது டவுனில். வழியில் ஆற்று முகத்துவாரம் இந்த வருஷம் சரியாக உறையாததால் மோட்டார் பனிவண்டி போகாது, விமானம்தான் கதி. கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் மிர்னா, வாயும் வயிறுமாக இருப்பவள், தினமும் டவுனுக்குப் போன் போட்டாள். தினமும் ஒரே பதில்: "வானிலை சரியில்லை. நாளைக்குப் பார்ப்போம்." அந்த 'நாளைக்கு' பத்து நாளைத் தாண்டிவிட்டது. வெளியே வெயில் கண்ணைக் கூச வைத்தது.

ரோலந்தின் அக்கா ஆர்டித், வந்தவருக்கு ஒரு கிண்ணம் கரிபூ மான் சூப்பை நீட்டினாள்.

"வேண்டாங்க மேடம். நான் 'உதவியற்ற பயணி'. யார் கையால உதவி வாங்கினாலும் என் சாதனை செல்லாது."

"சூப்பு எப்படிப்பா உதவியாகும்? சூப்பு சூப்புதான்."

"எல்லாருக்கும் பொதுவா கிடைக்கிறதைத்தான் நான் தொடலாம். எனக்குன்னு தனியா குடுத்தா விதிமீறல்."

இதைச் சொல்லும்போதே அவர் மூக்கு சூப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. வந்தவனைப் பட்டினி போட்டார்கள் என்ற கெட்ட பேர் எங்கள் ஊருக்குக் கிடையாது. மேயர் டெல்பர்ட் அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டினார். 'இந்தச் சூப் மனித குலம் முழுமைக்கும் உரியது' என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நான் அதை அட்டையில் எழுதி வாசலில் மாட்டினேன். கிரேடன் அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து நாலு கிண்ணம் குடித்தார். மனித குலத்தின் மற்ற உறுப்பினர்களுக்குச் சட்டியின் அடிதான் மிஞ்சியது.

மறுநாள் காலை கிளம்பினார். மதியத்துக்குள் முகத்துவாரத்தின் பனிச் சேற்றில் முழங்கால் வரை இறங்கிவிட்டார். மீன் பிடிக்கப் போயிருந்த ஆர்டித்தும் நானும் பனிவண்டியை விரட்டிக்கொண்டு போனோம்.

"ஏறு வண்டியில! காலு ரெண்டும் நனைஞ்சு கிடக்கு, விரலு போயிரும்!"

"மேடம், ப்ளீஸ், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நீங்க பக்கத்துல நின்னாலே உதவி மாதிரி தெரியுது."

"சாகப் போறியாடா?"

"இல்ல, பொத்தானை அழுத்திட்டேன்." கைப்பிடியில் ஒரு ஆரஞ்சு நிற அபாய அறிவிப்புப் பெட்டி விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. "ஹெலிகாப்டர் வந்துரும்."

"அது மட்டும் உதவி இல்லியாக்கும்?"

"அது எல்லாருக்கும் பொது மேடம். யார் அழுத்தினாலும் வரும்."

ஆர்டித் புருவத்தை உயர்த்தினாள். எங்கள் ஊரில் புருவத்தை உயர்த்தினால் 'ஆமாம்', மூக்கைச் சுருக்கினால் 'இல்லை'. பேசி வாய்ச்சூட்டை வீணாக்க மாட்டோம். வெளியூர்க்காரர்கள் முதலாவதை ஆச்சரியம் என்றும் இரண்டாவதை அருவருப்பு என்றும் எடுத்துக்கொள்வது வழக்கம்.

ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்கும் நேரம்தான், ஹெலிகாப்டர் வந்து இறங்கிவிட்டது. கிரேடனைக் கம்பளியில் சுற்றி ஏற்றினார்கள். ஆர்டித் பைலட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, என் தம்பி பல்லு வலியில சாகுறான். ஊரு அந்தா தெரியுது. ஒரு சீட்டு காலியாத்தானே இருக்கு?"

"எங்கிட்ட ஒரு ஆளுக்குத்தாம்மா அனுமதி இருக்கு. பல்லுன்னா டாக்டர் விமானத்துக்குச் சொல்லுங்க."

"அவங்க வானிலை சரியில்லைங்கிறாங்க!"

பைலட் அண்ணாந்து பார்த்தார். "அது அவங்க வானிலைம்மா. என்னோடது நல்லாத்தான் இருக்கு."

ஒரே வானத்தில் இரண்டு துறைகளுக்கு இரண்டு வானிலை வைத்து நடத்தும் நிர்வாகத் திறமையை நான் தலைவணங்கிப் பாராட்டுகிறேன். சைக்கிளுக்கு மட்டும் ஹெலிகாப்டரில் இடமில்லை. அதையும் கைப்பிடிப் பெட்டியையும் நாங்கள் ஊருக்கு இழுத்து வந்தோம்.

அன்று சாயங்காலம் ரோலந்துக்குக் காய்ச்சல் கொதித்தது. மிர்னா அவன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மேயரிடம் ஓடி வந்தாள்.

"மாமா, வீக்கம் கழுத்துக்கு இறங்குது. மூச்சை அடைச்சா என்கிட்ட ஒண்ணுமே இல்ல, மாத்திரையும் பஞ்சும்தான் இருக்கு. எனக்குப் பயமா இருக்கு மாமா." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மேயர் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைப் பார்த்தார். ஆர்டித்தும் பார்த்தாள். நகராட்சி மீண்டும் கூடியது. ரோலந்தை 'அதிதீவிர சாகச வீரர்' என அறிவிக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வீரர் மூலையில் முனகிக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் அவனுக்குப் பள்ளிக்கூடத்து விளையாட்டு அணியின் மஞ்சள் சட்டையை மாட்டினோம். தலைக்கவசம் வீக்கத்தைத் தாண்டி இறங்கவில்லை, உச்சியில் கிண்ணம் மாதிரி கவிழ்த்துக் கட்டினோம். பனிவண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுபவன் ரோலந்து, சைக்கிளில் ஏறியதே இல்லை. ஏறினான், விழுந்தான். தூக்க ஓடினேன்.

"தொடாதே!" என்று மேயர் கத்தினார். "உதவியற்ற பயணி! விதி இருக்கு!"

"விதி கெடக்கு குப்பையில!" என்று ஆர்டித் பாய்ந்து தம்பியைத் தூக்கி உட்கார வைத்து, சீட்டைப் பிடித்துக்கொண்டே உறைந்த கரையோரம் மூச்சிரைக்க ஓடினாள். "மிதிடா ரோலந்து! வலிக்குதுன்னு நிறுத்தாதே, மிதி!"

"இந்த உதவி மனித குலம் முழுமைக்கும் உரியது!" என்று மேயர் அவசர அவசரமாகக் கூவிக்கொண்டு பின்னால் ஓடினார்.

கடைசி வீட்டைத் தாண்டியதும் ரோலந்து இன்னொரு தடவை விழுந்து, விழுந்த வாக்கிலேயே பொத்தானை அழுத்தினான். கெட்டில் கொதிக்கும் முன்பே ஹெலிகாப்டர் வந்துவிட்டது. இந்தத் தடவை வேறு பைலட்.

"உதவி கேட்டது நீங்களா?"

ரோலந்து புருவத்தை உயர்த்தினான்.

"தனியாவா வந்தீங்க?"

மூக்கைச் சுருக்கினான். பின்னால் ஊரே நின்றிருந்தது.

"நீங்க இந்த ஊர்க்காரரா என்ன?"

புருவம் நெற்றிக்கே ஏறியது.

"ஐயோ, சாரி சார், கோவிச்சுக்காதீங்க!" என்றார் பைலட். "பாவம், எத்தனை நாள் மிதிச்சீங்களோ, முகமே வீங்கிப்போச்சு." ரோலந்தைக் கம்பளியில் சுற்றி ஏற்றினார்கள். அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை நகராட்சியின் சார்பில் இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒரு வாரம் கழித்துப் பல்லில்லாமல், உயிரோடு வந்து சேர்ந்தான். ஆர்டித் அவனைக் கட்டிக்கொண்டு விட மறுத்தாள். வாயைத் திறந்து அவன் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "அக்கா, பல்லு வலின்னப்போ நாளைக்குன்னாங்க. சைக்கிள்னதும் சூடா சாக்லேட்டு குடுத்து, கையைத் தட்டினாங்கக்கா."

கிரேடனிடமிருந்தும் தகவல் வந்தது. கால்விரல்கள் நலம், சாதனை செல்லும் என்று அறிவித்துவிட்டார்களாம். சைக்கிளைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார். நகராட்சி கூடி விவாதித்து, அன்னாரது சாதனையை மனமாரப் பாராட்டி, அந்த வாகனம் தற்சமயம் ஊரின் ஆம்புலன்ஸாகப் பணிபுரிவதால் அனுப்ப இயலாது என்று வருத்தத்துடன் பதில் எழுதியது.

மிர்னாவுக்கு ஏப்ரல் கடைசியில் பிரசவம். டவுனுக்குச் சொல்லியாயிற்று, வானிலை சரியில்லையாம். தினமும் காலையில் கிளினிக்கைத் திறப்பதற்கு முன்னால், வயிற்றைக் கைப்பிடியில் இடிக்காமல் மிதிக்க அவள் பழகிக்கொண்டிருக்கிறாள்.