முன்வரிசைச் சகோதரர் ஹிரோஷி

கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. காலி நாற்காலியைக் கண்டால் கை சும்மா இருக்காது. மண்டபத்தில் இருபது பேர்தான் என்றாலும் திருவிழாக் கூட்டம் போலக் காட்டிவிடுவோம். (அதற்குத்தானே கூப்பிடுகிறார்கள்!) இந்த வியாதியோடு நான் ஜப்பானுக்குப் போனதுதான் தப்பு.

என் பெரியம்மா மகன் டேனியல் அண்ணன் அங்கே ஒரு கடலோரச் சிற்றூரில் மிஷனரி. அனுப்பி வைத்தது பினாங்கு ஜார்ஜ் டவுனில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சபை. இத்தனை வருஷம் ஆகியும் அங்கே கூட்டம் சேரவில்லையே என்று மிஷன் கமிட்டித் தலைவர் தேவசகாயம் அங்கிளுக்கு மனக்குறை. அண்ணனைத் திரும்ப அழைத்துவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. நான் ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறேன் என்று தெரிந்ததும் அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணனோட ஊழியத்தப் படம் எடுத்துட்டு வா தம்பி. மிஷன் நைட்ல போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணிடலாம் லா."

அண்ணனின் தலைவிதி என் கேமராவில்! நடையே மாறிவிட்டது எனக்கு.

போய்ப் பார்த்தால், சபை என்பது அண்ணன் குடியிருந்த பழைய வீடு. ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் ஆறே பேர். அதில் ஒரு தாத்தா பிரசங்கம் முடியும்வரை தூங்கினார்.

"முகத்த எடுக்காதடா, கூச்சப்படுவாங்க," என்றார் அண்ணன். "உள்ளத உள்ளபடி எடு, போதும்."

உள்ளதை உள்ளபடி எடுத்தால் அண்ணன் அடுத்த விமானத்தில் பினாங்கு வந்து இறங்க வேண்டியதுதான். அப்போதுதான் வாசலோர அலமாரி கண்ணில் பட்டது. அங்கே வெளிச் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் போட வேறு செருப்பு மாட்டிக்கொள்வார்கள். வருகிறவர்களுக்காக அண்ணன் அலமாரி நிறைய வாங்கி வைத்திருந்தார். (என்ன விசுவாசம்!) அவர் உள்ளே எல்லாருக்கும் சூப் ஊற்றிக்கொண்டிருந்த நேரம், அத்தனையையும் அள்ளி வாசலில் பரப்பினேன். நடுவில் ஓர் இடம் வெறிச்சென்று இருந்தது. வீட்டின் பின்பக்கம் ஒரு கதவோரம் நீல நிறத்தில் ஒரு ஜோடி கிடந்தது, மேலே வெள்ளையில் ஜப்பானிய எழுத்து. பளிச்சென்று இருந்ததால் அதை முன்வரிசை நடுவில் வைத்தேன். காலை வெயில், செருப்புக் கடல், பின்னால் மூடிய கதவு. உள்ளே ஐந்நூறு பேர் என்று யார் பார்த்தாலும் சத்தியம் செய்வார்கள்.

மிஷன் நைட் வந்தது; சபையே கூடியிருந்தது. திரையில் செர்ரிப் பூ, ரயில், மறுபடி பூ, ஒரு கிண்ணம் நூடுல்ஸ்.

"பூ நல்லாருக்கு தம்பி. ஆத்துமாக்கள் எங்க?" என்றார் அங்கிள்.

செருப்புப் படத்தைப் போட்டேன். "ஸ்தோத்திரம்!" என்று சபையே அதிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். என்னைப் பெற்றவள் எழுந்து நின்றாள்.

"ஏண்டா ஜோயல், எல்லாருக்கும் ஒரே மாதிரி செருப்பாவா இருக்கும்?"

"ஜப்பான்காரங்க ஒழுங்கு அப்படிம்மா. சபைக்கே யூனிஃபார்ம் லா."

"முன்னால அந்த நீலத்துல என்ன எழுதியிருக்கு?" இது அங்கிள். அது என்ன எழுத்து என்று எனக்கு மட்டும் தெரியுமா?

"அது... அவரோட பேரு, அங்கிள். ஹிரோஷி."

"பேர் எழுதி முன்வரிசைல விட்டிருக்காருன்னா என்ன வைராக்கியம் பாருங்க! சகோதரர் ஹிரோஷிக்காக ஜெபிப்போம்."

ஜெபித்தார்கள். அவர் மனைவிக்காக, பிள்ளைகளுக்காக, அவருடைய வேலை உயர்வுக்காக. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆமென் சொல்லி நான் மூச்சு விடுவதற்குள், அண்ணனின் முகம் திரையில் வந்தது. அங்கிள் வீடியோ கால் ஏற்பாடு செய்திருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"டேனியல், உங்க ஹிரோஷிக்காக இப்பதான் பாரத்தோட ஜெபிச்சோம்!"

"யாரு அங்கிள் அது?"

அங்கிள் அந்தப் படத்தை அவருக்கு அனுப்பினார். அண்ணன் உற்றுப் பார்த்தார்.

"அங்கிள்... அதுல டாய்லெட்னு எழுதியிருக்கு. எங்க வீட்டு டாய்லெட் செருப்பு அது. வாசலுக்கு எப்படி வந்துச்சு?"

சபை முழுவதும் என் பக்கம் திரும்பியது. நான் ப்ரொஜெக்டர் வயரை மும்முரமாகச் சரிசெய்தேன்.

"அப்ப நிஜமா எத்தன பேருப்பா வர்றாங்க?" அங்கிளின் குரல் இறங்கிவிட்டது.

"ஆறு பேரு. மழை பெஞ்சா நாலு. ஒரு தாத்தா சூப்புக்குத்தான் வர்றாரு. ஆனா பொண்டாட்டி செத்ததுக்கப்புறம் அவரு இன்னொருத்தரோட உக்காந்து சாப்பிடறது எங்ககூட மட்டும்தான், அங்கிள்."

அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ அங்கேயே இரு லா. நீ வந்துட்டா அவருக்கு யாரு சூப் ஊத்துறது?"

பிறகு, "நம்ம ஜெபம் என்ன ஆகும்? டாய்லெட் செருப்புக்கு வேலை உயர்வு கேட்டிருக்கோமே!" என்றார். கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தார்கள். அம்மா சிரிப்புதான் அதிகம். (துரோகி.)

இன்றும் கல்யாண ஆல்பத்தைப் புரட்டும் சபை மக்கள், "நிஜக் கூட்டந்தானா தம்பி?" என்று கேட்காமல் விடுவதில்லை. ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு டாய்லெட் செருப்புக்கு ஹிரோஷி என்றே பெயர் நிலைத்துவிட்டது. போன மாதம் புதிதாக வந்த பாஸ்டர் சாப்பிட வந்திருந்தார். டாய்லெட் எங்கே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நேரா போங்க பாஸ்டர், ஹிரோஷி அங்கதான் இருப்பாரு," என்றாள் அம்மா.

பாஸ்டர் மறுபடி உட்கார்ந்துகொண்டார். "பரவால்லம்மா. பிரதர் முடிச்சிட்டு வரட்டும்."