ராஜாங்கம் நட்ட வாள்கள்

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. வாளை ஒளிக்கப் போய் ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு வந்த ஒரு மனிதரின் கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவரே பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்தான்.

"ஏங்க, பக்கத்து ஊர்ல அருவாமனையக்கூட வுடலியாம். போலீசு வூடு வூடா பூந்து அள்ளிக்கினு போவுதாம்" என்றாள் பச்சையம்மாள்.

வாளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த ராஜாங்கத்தின் கை நின்றது.

எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். வடக்கனந்தல் பக்கமெல்லாம் ரோட்டின் குறுக்கே புளியமரங்கள் சாய்ந்து கிடந்தன. கள்ளக்குறிச்சிக்குப் பஸ் இல்லை. ராஜாங்கத்தின் கூடத்துச் சுவரிலோ ஒன்பது வாள்களும் ஒரு குத்துவாளும் பளபளவென்று தொங்கின.

அவை வந்த விதமே தனி. ஆடி மாதம் பிறந்தால் பாவாடை என்றொரு கிழவர் கோணிச்சாக்கோடு வந்து நிற்பார். "கல்வராயன் மலைய ஆண்ட ஜாகீர் வம்சத்து வாளுங்க. மாட்டினா உங்க வூட்டுச் சொவுத்துலதான் மாட்டணும்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கே ராஜாங்கம் உருகிவிடுவார். வருஷத்துக்கு ஒன்றாகப் பத்து வந்தன. அதற்குப் பிறகு கிழவர் காலமாகிவிட்டார்.

ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. சிங்கமுகப் பிடி போட்டது 'கோட்டைக் காவலன்'. கிளிமூக்குப் பிடியும் வெள்ளிக்கொடி வேலைப்பாடுமாக இருந்த குத்துவாள் 'மகாராணி'.

"என்னைக் கூப்புடறது 'ஏய்'. அதுக்கு மகாராணி!" என்று பச்சையம்மாள் சொல்லாத நாள் இல்லை.

கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு வந்தால் ராஜாங்கம் சுவரைக் காட்டுவார். "என் காசெல்லாம் சரித்திரத்துக்குப் போவுதுப்பா. சாமிக்கு வேற ஆளப் பாருங்க."

அந்தச் சரித்திரத்தைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிப் போவதா? பத்தையும் கொண்டுபோய் வைக்கோல் போருக்குள் செருகினார்.

கால்மணி நேரம் ஆகவில்லை. மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போன பண்ணையாள் ராசு, கையில் கோட்டைக் காவலனோடு தெருவுக்கே ஓடி வந்துவிட்டான்.

"அய்யா! போருக்குள்ள வாளு மொளச்சிருக்குது!"

"கத்தாதடா! உள்ள வா!"

"ஒண்ணு இல்லீங்க, நெறைய மொளச்சிருக்குது!"

தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. பத்து என்பது மேலத்தெருவில் ஐம்பதாகி, கடைத்தெருவுக்குப் போவதற்குள் நூறாகிவிட்டது.

"இப்ப இன்னா பண்றது?" என்றார் ராஜாங்கம்.

"மகாராணியக் கேளுங்க" என்றாள் பச்சையம்மாள்.

கோரைப்பாயை விரித்து வாள்களை வைத்துச் சுருட்டினார். மகாராணியை மட்டும் பிரிய மனம் வரவில்லை. வேட்டி மடிப்பில் செருகி, மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கல்வராயன் மலையடியில் இருந்த மச்சான் வீட்டில் பாயைச் சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, ராசுவை வண்டி பூட்டச் சொன்னார்.

இரண்டு மைல்கூடப் போகவில்லை. குறுக்கே ஒரு புளியமரம். மரத்தின்மேல் ஐம்பது அறுபது பேர். முன்னால் நின்றவன் சுபாஷ், பி.ஏ. படித்துவிட்டு வேலை தேடுகிறவன்.

"பாயில இன்னாங்க?"

"கோரைப்பாய்ல இன்னாப்பா இருக்கும்? பாய்தான்."

சுபாஷ் பாயைத் தட்டிப் பார்த்தான். 'ணங்' என்றது. பிரித்துப் பார்த்தவன் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாங்க இது அநியாயம்! நாங்க படிப்பும் வேலையும் கேட்டு வெறுங்கையோட ஒக்காந்துக்கினு இருக்கோம். இந்த மூட்டைய எங்க நடுவுல போலீஸ் பாத்தா கோரிக்கையே போச்சு. எங்க எடுத்துக்கினு போறீங்க?"

ராஜாங்கம் நிமிர்ந்து பார்த்தார். எதிரே மலை தெரிந்தது. மலையடியில் இதுவரை அவர் எட்டிப் பாராத ஒரு கோயில் இருப்பது ஞாபகம் வந்தது.

"பாறையடி முனியப்பனுக்கு... வேண்டுதல். இந்த வாளுங்கள சாமி முன்னால நடப் போறேன்."

அவ்வளவுதான், கூட்டத்தின் முகமே மாறிவிட்டது.

"ஒம்போது வாளா! இந்தச் சுத்துப்பட்டுல யாரு குடுத்திருக்காங்க?" என்றான் சுபாஷ். "டேய், தூக்குங்கடா! நாமளே கொண்டுபோய் நட்டுட்டு வந்துடலாம்."

"வேணாம்பா, நானே பாத்துக்கறேன்..."

"சும்மா இருங்கய்யா. இந்த மரத்த வண்டி தாண்டுமா?"

பாய் தோளில் ஏறியது. எங்கிருந்தோ பறை வந்தது. ராஜாங்கத்தின் கழுத்தில் மாலை விழுந்தது. ஒளிக்கக் கொண்டுவந்த வாள்களுக்குப் பின்னால் அவர் ஊர்வலமாகப் போனார். முதலில் அழுகைதான் வந்தது. வழியெல்லாம் ஜனங்கள் கும்பிட்டதைப் பார்த்ததும் மீசைமேல் தானாகக் கை போய்விட்டது.

முனியப்பனின் கல் பீடத்தில் வரிசையாகக் குழிகள், மண் அடைந்து கிடந்தன. பூசாரி இருசப்பன் மண்ணைச் சுரண்டிவிட்டார். ராஜாங்கம் கோட்டைக் காவலனை இறக்கினார். அளவெடுத்தாற்போல் உட்கார்ந்துகொண்டது. அடுத்ததும் அப்படியே.

"பாத்தீங்களா! நம்ம வாளுக்குப் பாறையே எடம் வுடுது" என்றார் பெருமை தாங்காமல்.

நூறு வாள் என்ற பேச்சைக் கேட்டு அன்று மாலையே போலீஸ் அவர் வீட்டைப் புரட்டியது. வெறும் சுவர்தான் இருந்தது. கோயில்வரை வந்த ஏட்டு தங்கதுரை பூட்சைக் கழற்றிவிட்டு, ஒன்பது வாள்களையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமிக்கு நட்டத யாரும் புடுங்கக் கூடாதுங்க. நானும் சரி, நீங்களும் சரி" என்றார், அங்கேயே இருந்த ராஜாங்கத்திடம்.

இரண்டாவது பாதி ராஜாங்கத்தின் நெஞ்சில் கத்தியாக இறங்கியது.

மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கியது. கண்டக்டர் அவருக்கு ஜன்னலோர சீட் கொடுத்தார். டீக்கடையில் எழுந்து நின்றார்கள். "ஒம்போது வாள் குடுத்தவரு" என்று ரிஷிவந்தியத்தில்கூடப் பேச்சு. வெளியே அவ்வளவு பெருமை. வீட்டுக்கு வந்தால் சுவரில் ஆணிகள்.

"ஆணிக்கு எண்ணெ தடவுங்க" என்றாள் பச்சையம்மாள்.

பொறுக்க முடியாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தனியாகப் பூசாரியிடம் போனார். இடுப்பில் வழக்கம்போல் மகாராணி.

"இருசப்பா, ஒரு பத்திரத்துக்காகத்தான் இங்க வெச்சேன். இப்பத்தான் அமைதியாயிடுச்சே... எடுத்துக்கினு போவட்டுமா? எல்லாம் மலை ஜாகீர் வம்சத்துது, தெரியுமில்ல?"

இருசப்பன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பீடத்தின் ஓரத்தில் எரிந்த அகல்விளக்கை மெல்ல நகர்த்தி வைத்தார். அதன் அடியில் சின்னதாக இன்னொரு குழி. ராஜாங்கத்தின் சட்டை விலகி எட்டிப் பார்த்த கிளிமூக்கைப் பார்த்துக்கொண்டே, பணிவாகச் சொன்னார்:

"நன்கொடை வசூலாவாத வருசமெல்லாம் எங்கப்பா பாவாடை இங்கேர்ந்து ஒண்ணொண்ணா உங்களுக்கு வித்துத்தான் திருவிழாவ நடத்துனாருங்கய்யா, ஒம்போது திரும்பிடுச்சு, அந்தப் பத்தாவதையும் நட்டுட்டீங்கன்னா வெளக்க வேற எடத்துல வெச்சுக்குவேன்."

கேட்ட உங்கள் வீட்டில் உலை ஓயாமல் கொதிக்கட்டும், வாசலில் விருந்தாளிச் செருப்பு நிறையட்டும், வெங்காயம் அரிய மட்டுமே கத்தி வெளியே வரட்டும்.