கொம்பு, பூரான், கால், வட்டம்

கொல்லத்தில் பழக்கடை நடத்தும் மைத்துனர் சோலைக்கு, கோவில்பட்டியிலிருந்து அத்தான் முத்துசெல்வம் எழுதிக்கொண்டது. நானும் ஆடுகளும் சுகம். உம்முடைய சுகத்தை விசாரிக்க இன்னும் மனசு ஆறவில்லை.

கொல்லத்தில் வாழ்க்கைப்பட்ட காளீஸ்வரி பயணம் செய்யக்கூடாதென்று டாக்டர் சொன்னதால்தான் தலைப்பிரசவம் உங்கள் ஊரிலேயே, உம்முடைய வீட்டில் என்று ஆனது. பிள்ளை பிறந்ததும், "எங்கப்பாதான் சேனை வைக்கணும்" என்று சொல்லிவிட்டாள் என் மகள். நாக்கில் முதல் சீனித்தண்ணி தொட்டு வைக்கிறவர் குணம்தானே பிள்ளைக்கு வரும். நானும் வெள்ளை வேட்டி கட்டிக் கிளம்பினேன். போனில் நீர் என்ன சொன்னீர்? "மலையாள எழுத்து ஒரு வித்தையா அத்தான்? புனலூர்ல பஸ் மாறுங்க. போர்டுல முதல்ல நம்ம கொம்பு, அடுத்து சுருண்ட பூரான், பிறகு கால், கடைசில ஒரு வட்டம். அதான் கொல்லம். யார்ட்டயும் கேக்காதீய, கடைசி ஸ்டாப்புன்னு டிக்கெட் எடுங்க."

மூணாப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நாலும் இருந்த பஸ்ஸைக் கண்டதும் கலெக்டர் மாதிரி ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுக்காரருக்குப் பூரானைக் காட்டிப் பாடம் வேறு எடுத்தேன். அவரும் பாவம், தலையாட்டினார். இறங்கிப் பார்த்தால் கோட்டயம். ஏன்வே, ஒரு சுழி கூடன்னாலும் கோட்டயத்துக்கும் அதே கொம்பு, அதே பூரான், அதே கால், அதே வட்டம்னு உமக்குத் தெரியாதா? நடுவுல உள்ள எழுத்தை உம்ம கடை எலி தின்னுட்டா? அங்கன நின்னு பாக்கேன், எர்ணாகுளம், திருவனந்தபுரம், எல்லாத்துக்கும் கடைசில வட்டம். வட்டம் போடாம ஊரே கட்டமாட்டாவ போல.

திரும்பிக் கொல்லம் வந்து சேர்ந்தா, உம்ம வீட்டு வாசல்லயே உம்ம அக்கா பேச்சித்தாய் சொல்லுதா: "பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போச்சு. சோலையே வச்சிட்டான்."

போச்சா? இனி என் பேரன்கிட்ட எவன் வழி கேட்டாலும் உருப்படுவானா? என் ஆட்டுக்குட்டிக்குச் சீம்பால் ஊட்டக்கூட உம்மை விடமாட்டேன். உம்ம வாசலையும் மிதிக்க மாட்டேன், அந்த எழுத்தையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டேன். இது சத்தியம்.

தங்கச்சிக்கு அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி. உமக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
முத்துசெல்வம்

பி.கு.: பேரனுக்கு வச்ச பேரை மலையாளத்துல எழுதி காளீஸ்வரி போன்ல அனுப்பிருக்கா. "நீயே படிச்சிச் சொல்லுப்பா"ங்கா. நடுவுல ஒரு கொம்பு, கடைசில அந்த வட்டம். கொல்லம், கோட்டயம்னு சொல்லிப் பார்த்தா, வட்டம்தான் நம்ம 'ம்' போலிருக்கு. என் பேரைத் தமிழ்ல எழுதிப் பக்கத்துல வச்சேன். கொம்பு அங்கனதான் வருது, 'ம்' அங்கனதான் வருது. மிச்ச எழுத்தையும் சொல்லிக்குடும்வே. ஞாயித்துக்கிழமை வாரேன். புனலூருக்கே வந்து நில்லும்.